மாஸிலனில் பிறக்கும் பையனுக்கு முதல் பரிசு ஏன் ஒரு பந்து?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மாஸிலன் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 32,000 சொச்சம். அங்கே ஆண் குழந்தை பிறந்தால், உள்ளூர்ப் பள்ளி ஃபுட்பால் அணியின் ஆதரவாளர் சங்கத்துக்காரர்கள் வந்து தொட்டிலில் ஒரு சின்னப் பந்தை வைத்துவிட்டுப் போவார்கள். பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம் இது. மாஸிலனைப் பற்றி எழுத வருகிறவர்கள் பலரும் இந்தத் தொட்டில் பந்தைத்தான் முதலில் சொல்வார்கள், ஊரே எப்படிப் பைத்தியமாக அலைகிறது பாருங்கள் என்று காட்டுவதற்கு. நானும் அதிலேயே ஆரம்பிக்கிறேன். ஆனால் எனக்கு அதில் பைத்தியம் தெரியவில்லை, ஒரு கணக்குதான் தெரிகிறது.

மாஸிலனின் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி ஒரு பொதுப் பள்ளி, அதாவது ஊராரின் வரிப்பணத்தில் நடப்பது. தனியார் பள்ளி என்றால் நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஊரிலிருந்துகூட ஒரு பையன் வந்து சேரலாம், பள்ளியும் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். பொதுப் பள்ளிக்கு வரைபடத்தில் ஓர் எல்லைக்கோடு உண்டு. இப்போது ஒஹாயோவில் மாவட்டம் விட்டு மாவட்டம் சேருவதற்கும் வழி திறந்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். நான் சொல்லப்போகிற காலத்தில் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை வைத்துத்தான் ஆட வேண்டும். அப்படிப்பட்ட பள்ளிக்கு வீரர்கள் கிடைக்கும் இடம் ஊரின் பிரசவ வார்டுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மாஸிலன் எப்படி எழுந்தது, பிறகு ஏன் அரை நூற்றாண்டு காத்திருந்தது என்று இரண்டுமே விளங்கிவிடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. இங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை, நீள்வட்டப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற அமெரிக்க ஆட்டம். ஒரு பக்கம் 11 பேர். மைதானம் 100 கெஜம். பந்து கையில் இருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. எதிர் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. பந்து வைத்திருப்பவனை அவன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கிவிட்டால் மடக்கிய அணிக்கு 2 புள்ளி. இந்த 7-ஐயும் 2-ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மாஸிலனுக்குக் கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டர் போனால் கான்டன். 1920-ல் கான்டனில் ஒரு கார் ஷோரூமில் சிலர் கூடி உட்கார்ந்து பேசி ஆரம்பித்த அமைப்புதான் இன்று என்.எஃப்.எல். என்று உலகமே அறிந்த தொழில்முறை லீக். அதற்கும் முன்னால், 1903 முதல் 1906 வரை, மாஸிலன் டைகர்ஸ் என்ற பெயரில் சம்பளத்துக்கு ஆடும் அணி ஒன்று மாஸிலனில் இருந்தது. கான்டன் அணியோடு அதற்கு இருந்த பகையும், 1906-ல் வெடித்த பந்தய மோசடிக் குற்றச்சாட்டும் அமெரிக்க ஃபுட்பால் வரலாற்றில் இடம்பிடித்தவை. இரண்டு ஊர்ப் பள்ளிகளும் ஒன்றோடொன்று மோத ஆரம்பித்தது அதற்கும் முந்தி, 1894-ல். ஆக, பின்னால் பயிற்சியாளராக வந்த பால் பிரவுன்தான் இந்த ஊருக்கு ஃபுட்பாலைக் கற்றுக்கொடுத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசை அங்கே ஏற்கெனவே கொட்டிக் கிடந்தது. அதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர ஆள்தான் இல்லை.

1931-ல் மாஸிலன் பள்ளி அணி ஜெயித்தது இரண்டே ஆட்டம். அடுத்த ஆண்டு பயிற்சியாளர் வேலைக்கு ஓர் இளைஞரை அழைத்தார்கள். பால் பிரவுன், வயது 24 நிறைகிற சமயம், ரயில்வே ஊழியரின் மகன். சிறுவயதிலேயே மாஸிலனுக்கு வந்து, இதே பள்ளியில் படித்து, இதே அணியில் குவாட்டர்பேக் ஆக ஆடியவர். குவாட்டர்பேக் என்றால் களத்தில் அணியை நடத்துகிறவன். பிரவுன் உடம்பில் ஒல்லி. கல்லூரி முடித்து மேரிலாந்தில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

அவர் செய்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது எந்த ஆட்ட உத்தியும் இல்லை. ஊரிலிருந்த நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே ஆட்ட முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார், அதுதான். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒரு பெயரில் கற்றுக்கொண்ட நகர்வை உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போதும் அதே பெயரில்தான் கேட்பான், புதிதாக மறந்து புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைக்கு ஒரு பள்ளிப் பயிற்சியாளர் தன் கையில் வந்து சேர்ந்த பையன்களை வைத்து அந்த ஒரு பருவத்தை ஓட்டுவார், அவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்து வரப்போகிறவனைப் பற்றி இன்றே யோசிப்பது வேறு ரகமான வேலை. வெளியூரிலிருந்து ஆள் எடுக்க முடியாது என்று தெரிந்த ஒருவர், இருக்கிற பிள்ளைகளைச் சீக்கிரம் தொடங்கிவைக்கிறார். தொட்டில் பந்தின் தர்க்கம் இங்கேயே வந்துவிட்டது, பந்து மட்டும்தான் இன்னும் தொட்டிலுக்குள் போகவில்லை.

அப்புறம் வகுப்பறை. பிரவுன் அடிப்படையில் ஓர் ஆசிரியர். ஃபுட்பாலையும் பாடமாகவே நடத்தினார், பையன்கள் குறிப்பேடு வைத்துக்கொண்டு எழுத வேண்டும், பரீட்சை உண்டு. உடம்பின் கனத்தைவிட வேகத்துக்கு மதிப்புக் கொடுத்தார். ஒழுக்க விதிகளில் கறார். தன்னைப்போலவே ஒல்லியான பையன்களும் தலையைப் பயன்படுத்தினால் ஆடலாம் என்பது அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரிந்த உண்மை, எஃகு ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த ஊரில் அது பல பேருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

கதவு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.-இல் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அதே ஆண்டுகளில் மாஸிலன் பள்ளி அணியில் கறுப்பினப் பையன்கள் ஆடினார்கள், அவர்களில் ஹோரஸ் கில்லம் 1940 அணியின் நட்சத்திரம். கான்டன் மெக்கின்லி பள்ளி அணியில் மேரியன் மாட்லி என்ற கறுப்பின இளைஞர் எதிரணியாக நின்று ஆடினார். அவர் ஆடிய மூன்று வருடங்களில் மெக்கின்லி தோற்றது மூன்றே ஆட்டங்கள், மூன்றும் மாஸிலனிடம். பிரவுன் அந்தப் பையனை மறக்கவில்லை. 1946-ல் கிளீவ்லாண்டில் தன் பெயரிலேயே தொடங்கிய தொழில்முறை அணிக்கு மாட்லியையும் பில் வில்லிஸையும் சேர்த்துக்கொண்டார், பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்ததற்கு ஒரு வருடம் முன்பு. அடுத்த வருடமே கில்லமும் வந்து சேர்ந்தார். பொதுப் பள்ளி மைதானத்தில் பத்து வருடம் முன்பே பார்த்துப் பழகிய ஒன்றைத்தான் பிரவுன் அங்கே செய்தார் என்று நான் நினைக்கிறேன். ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் வரும் பள்ளி என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு.

எழுச்சி ஒரே நாளில் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1932-ல் 5 வெற்றி, 4 தோல்வி, ஒன்று சமம். அடுத்த வருடம் 8 வெற்றி, அதற்கடுத்து 9. ஆனால் முதல் மூன்று வருடமும் கான்டன் மெக்கின்லியிடம் தோல்விதான், மாஸிலனில் அந்த ஓர் ஆட்டத்தில் தோற்றால் மற்ற ஒன்பது வெற்றியும் கணக்கில் வராது. 1934-ல்தான் ஆதரவாளர் சங்கம் தொடங்கினார்கள். 1935-ல் முதல்முறை மெக்கின்லியை வென்றார்கள், அந்தப் பருவம் முழுக்கத் தோல்வியே இல்லை. அதிலிருந்து பிரவுன் ஊரைவிட்டுப் போகும்வரை ஆறு வருடம் மெக்கின்லியால் ஜெயிக்க முடியவில்லை. ஒன்பது பருவங்களில் மொத்தக் கணக்கு 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமம். கடைசிப் பருவமான 1940-ல் மாஸிலன் எடுத்தது 477 புள்ளிகள், எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து எடுத்தது 6. அந்த ஆறையும் எடுத்தது மெக்கின்லிதான்.

இந்த வருடங்கள் எப்படிப்பட்ட வருடங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். மாஸிலன் எஃகு ஊர். 1937 கோடையில் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது, ஜூலை 11 இரவு ரிபப்ளிக் ஸ்டீல் ஆலை அருகே போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். அதே ஊர், இரண்டு மாதம் கழித்து, பள்ளி அணியின் மைதானத்தில் கூடி உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது. ஆலைக்குள் நின்றவனும் வெளியே மறியலில் நின்றவனும் ஒரே அணிக்குத்தானே கத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஃபுட்பால் அந்தக் காயத்தை ஆற்றியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது செத்தவர்களுக்கு நியாயம் இல்லை. ஆனால் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார இடமென்று அந்த மைதானம் இருந்தது.

சரி, மைதானத்துக்கு வருவோம். ஊருக்குப் பணம் இல்லாத காலத்தில் அவ்வளவு பெரிய ஸ்டேடியம் எப்படி வந்தது? ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க நடத்திய பொதுப்பணித் திட்டத்தில் கட்டினார்கள், 1930-களின் கடைசியில். இன்றைக்கும் அது நிற்கிறது, பால் பிரவுன் டைகர் ஸ்டேடியம் என்று பெயர், 16,000-க்கும் மேல் உட்காரலாம், அதாவது ஊரில் பாதிப் பேர். டெக்சஸில் ஆலன் என்ற புறநகர் 2012-ல் சுமார் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் பள்ளி ஸ்டேடியம் கட்டியது, அது வளர்கிற பணக்கார ஊரின் கதை, அதைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு மாஸிலன் உதாரணம்தான் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே அணி முதலில் வந்தது, கூட்டம் அடுத்து வந்தது, கட்டடம் கடைசியில் வந்தது.

வாத்தியக் குழுவையும் விட்டுவிடக் கூடாது. 1938-ல் ரெட் பேர்ட் என்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் பேர்டைக் கொண்டுவந்து டைகர் ஸ்விங் பேண்ட் அமைத்தார்கள். அதுவரை இடைவேளையில் பள்ளி பேண்டுகள் ராணுவ நடைதான் போடும். இவர்கள் அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஸ்விங் இசையையும் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். ஃபுட்பால் புரியாதவர்களுக்கும் வெள்ளிக்கிழமை மாலை மைதானத்துக்கு வர ஒரு காரணம் கிடைத்தது. ஆட ஆள் எடுப்பது போலவே பார்க்கவும் ஊரிலிருந்தே ஆள் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுன் 1941-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார், மறு வருடமே தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார், பிறகு கிளீவ்லாண்ட், அதன்பின் சின்சினாட்டி என்று தொழில்முறை அணிகள். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பார்ப்பது அவர் போன பிறகு மாஸிலனில் என்ன நடந்தது என்பதை. ஒரு மனிதரின் திறமையால் மட்டும் எழுந்த அணி அவர் போனதும் படுத்துவிடும். மாஸிலன் படுக்கவில்லை. சக் மாதர் 1948 முதல் 1953 வரை ஆறு பருவங்களில் 57 வெற்றி, 3 தோல்வி. லீ டிரெசல் வந்தார், லியோ ஸ்ட்ராங் வந்தார், 1964-லும் 65-லும் எர்ல் புரூஸ் இரண்டு பருவம் நடத்தி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 20 வெற்றியோடு போனார், பின்னாளில் அவரும் ஒஹாயோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1970-ல் பாப் காமிங்ஸ் நடத்திய அணியும் தோற்கவில்லை. பத்திரிகையாளர்கள் வாக்களித்து மாநிலச் சாம்பியனைத் தீர்மானித்த காலம் அது, மாஸிலன் தன் கணக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பட்டங்களைச் சொல்கிறது. பயிற்சியாளர் மாறினாலும் நடுநிலைப் பள்ளிகளும் சங்கமும் ஸ்டேடியமும் பேண்டும் அங்கேயே இருந்தன.

அடுத்துத்தான் எனக்கு மனசு கனக்கிற பகுதி. 1972-ல் ஒஹாயோ பள்ளிகளுக்கு நாக்-அவுட் முறையில் இறுதிச் சுற்றுகள் வந்தன. வாக்குச் சீட்டுக்குப் பதில் களத்திலேயே ஜெயிக்க வேண்டும், அது நியாயமான மாற்றம்தான். ஆனால் அதோடு பொதுப் பள்ளியின் எல்லைக்கோடு சட்டென்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. மாஸிலன் 1980-ல் இறுதிப் போட்டிக்குப் போய் சின்சினாட்டி மோலரிடம் தோற்றது, 1982-ல் மறுபடி மோலரிடமே. 2005-ல் சின்சினாட்டி செயின்ட் சேவியரிடம், 24-17. 2018-ல் ஏக்ரன் நகரத்து ஹோபன், 2019-ல் சின்சினாட்டி லா சால், 2020-ல் மறுபடி ஹோபன். ஆறு இறுதிப் போட்டிகள், ஆறு தோல்விகள், எதிரே நின்ற அத்தனை பேரும் கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள்.

இதை வைத்துத் தனியார் பள்ளிகள் ஏமாற்றுகின்றன என்று முடிவுகட்டுவது தப்பு. மோலரில் பயிற்சியாளர் ஜெரி ஃபாஸ்ட் கட்டியெழுப்பியதும் உழைப்புதான். ஆனால் ஒரு பெருநகரத்தையும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களையும் மொத்தமாகத் தன் வலைக்குள் வைத்திருக்கிற பள்ளியும், முப்பதாயிரம் பேர் ஊரை மட்டும் நம்பியிருக்கிற பள்ளியும் மாணவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வகுத்த ஒரே பிரிவில் மோதும்போது கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒஹாயோ பள்ளி விளையாட்டு அமைப்பு 2017-ல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: அணியில் இருக்கிற பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்து, வெளியிலிருந்து வந்தவர்கள் அதிகம் இருந்தால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைக் கூட்டிக் கணக்கிட்டுப் பெரிய பிரிவுக்குத் தள்ளும் விதி. என்னைக் கேட்டால் இது நாற்பது வருடம் தாமதம்.

அந்த இடைப்பட்ட காலத்தில் ஊரும் தேய்ந்துகொண்டிருந்தது. 1984-ல் ரிபப்ளிக் ஸ்டீல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது, எஃகு வேலைகள் குறைந்துகொண்டே போயின. 2018-ல் ஊரின் மருத்துவமனையே மூடப்பட்டது. ஒஹாயோவில் பொதுப் பள்ளிகள் பெரிதும் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பி நடப்பவை, கூடுதல் வரிக்கு ஊரார் வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். இந்த முறை அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் பள்ளிகள் வாக்குப்பெட்டியை நம்பியிருப்பது மாறவில்லை. ஏழை ஊரில் பள்ளிக்கு வரி கேட்டால் படிக்கிற வயதில் பிள்ளை இல்லாத வீட்டுக்காரர் ஏன் ஆம் என்று சொல்ல வேண்டும்? மாஸிலனில் அப்படிப்பட்டவருக்கும் பள்ளியோடு ஒரு உறவு இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை அவர் மைதானத்தில் இருக்கிறார். ஃபுட்பாலுக்குப் போகிற பணம் படிப்புக்குப் போகலாமே என்று கேட்கிறவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, நானும் பல முறை யோசித்திருக்கிறேன். ஆனால் மைதானத்தை இழுத்து மூடினால் அந்தப் பணமும் அந்த வாக்கும் தானாக வகுப்பறைக்கு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

நிழலான பக்கமும் உண்டு. உடம்பு தேறட்டும் என்று எட்டாம் வகுப்பைப் பையன்கள் இன்னொரு வருடம் படித்த வழக்கம் அங்கே இருந்திருக்கிறது, அது எனக்கு ஒப்பவில்லை. தலையில் மறுபடி மறுபடி அடிபட்டால் மூளைக்கு என்ன ஆகும் என்று இப்போது மருத்துவம் சொல்வதை வைத்துப் பார்த்தால், தொட்டிலில் வைக்கிற பந்தைப் பார்த்துச் சில தாய்மார்கள் யோசிக்கத்தான் செய்வார்கள். யோசிக்கவும் வேண்டும்.

2023-ல் நேட் மோர் பயிற்சியில் மாஸிலன் மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே மறுபடி ஹோபன். இடம் கான்டன், தொழில்முறை ஃபுட்பால் புகழ்க்கூடத்தை ஒட்டிய ஸ்டேடியம், அதாவது நூற்றிருபது வருடத்துக்கும் மேலாகப் பகையாளியாக இருக்கிற மெக்கின்லி பள்ளியின் சொந்த மைதானம். நவம்பர் 30, வியாழக்கிழமை இரவு. ஹோபனால் மாஸிலன் எல்லைக்குள் ஒரு முறைகூடப் பந்தைக் கொண்டுபோக முடியவில்லை. 7-2. அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்கள், 16 வெற்றிகள், 1970-க்குப் பிறகு முதல் மாநிலப் பட்டம்.

வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று கடைசி வருட மாணவர்களாகக் களத்தில் நின்ற பையன்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். 2005-ல் அணி செயின்ட் சேவியரிடம் தோற்று ஊர் துவண்டு வீடு திரும்பிய அந்தக் குளிர்காலத்தையொட்டிப் பிறந்தவர்கள். சங்கத்துக்காரர்கள் அப்போதும் பந்தை எடுத்துக்கொண்டு தொட்டில்களைத் தேடிப் போயிருக்கிறார்கள்.